ஒன்றரை மீட்டருக்கு மிகாத வீடு

1

எங்கள் வாடகை ஒப்பந்தத்தின் பதினேழாவது பிரிவு, உட்பிரிவு ஆ, இப்படிச் சொல்கிறது: ‘வளர்ப்புப் பிராணிகளுக்கான கூண்டோ கொட்டகையோ தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு மிகாமல் இருக்குமாயின், உரிமையாளரின் முன்னனுமதி தேவையில்லை.’

எங்களுக்குப் பொருந்தியிருக்க வேண்டிய விதி இதுதான். பொருந்தவில்லை. பொருந்தாமல் போனதற்குக் காரணம் ஒரு முழு பிளைவுட் ஷீட்டும், அதை வெட்ட மனம் வராத ஒரு மனிதரும். மேலதிகாரி என்ற முறையில் பொறுப்பு என்னுடையது.

மேலதிகாரி என்பது பழக்கதோஷம். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. அமீரகத்தில், அல் ஐனில் ஒரு கட்டுமான நிறுவனத்தின் நிர்வாகப் பிரிவில் இருபத்தொன்பது ஆண்டுகள் இருந்தேன். விசா, லேபர் கார்டு, ஒப்பந்தப் புதுப்பிப்பு, ரத்து, ஊருக்கு அனுப்புவது, அங்கிருந்து மறுபடி வரவழைப்பது எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். புகைப்படத்தின் பின்னணி வெள்ளையாக இல்லாமல் வெளிர்நீலமாக இருந்தது என்று விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியவன் நான். அதற்காக என்னைச் சபித்தவர்கள் பல மாவட்டங்களில் இருக்கிறார்கள்.

அறுபது வயது முடிந்ததும் என் விசாவும் முடிந்தது. இந்த நாட்டில் யாரும் குடியேறுவதில்லை, புதுப்பித்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். இப்போது நான் என் மகன் செந்திலின் பொறுப்பில் இருக்கிறேன். அரபியில் கஃபீல் என்பார்கள். நமக்காகக் கையெழுத்துப் போடுபவர், நம்முடைய தவறுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். பள்ளிக்கூடத்து ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் மிரட்டிய பிள்ளை, இப்போது வருடத்துக்கொரு முறை எனக்குக் கையெழுத்துப் போடுகிறான். போன வாரம் அந்தப் புதுப்பிப்புக்கான மருத்துவப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போய், வரிசையில் நின்றபோது, போன வருடத்துக் கதை முழுவதும் ஞாபகம் வந்தது. அதை எழுதுகிறேன்.

2

2006 ஜனவரியில் செந்திலின் அலுவலகத்தில் ஒரு ஸ்காட்லாந்துக்காரர் வேலையை விட்டு ஊர் திரும்பினார். இங்கே ஊர் திரும்புகிறவர்கள் சோபாவைக் கொடுப்பார்கள், மைக்ரோவேவ் கொடுப்பார்கள். இவர் இரண்டு ஃபெரட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஃபெரட் என்பது கீரிக்கு ஒன்றுவிட்ட உறவு மாதிரி ஒரு பிராணி. நீள உடம்பு, குட்டைக் கால், மூஞ்சியில் திருடனுக்குக் கட்டிவிட்டதுபோல ஒரு கறுப்புப் பட்டை. அந்தப் பட்டை பொய் சொல்லவில்லை. வந்த முதல் வாரத்தில் என் மூக்குக் கண்ணாடி உறை, டிவி ரிமோட், என் மனைவி சரோஜாவின் முழங்கால் தைலம், மூன்று காலுறை ஆகியவை சோபாவின் வயிற்றுக்குள்ளிருந்து மீட்கப்பட்டன. பெயர்கள் பிஸ்கட், பெப்பர். பிஸ்கட் ஆண், பெப்பர் பெண். நாளில் பதினாறு மணிநேரம் தூக்கம். மீதி எட்டு மணிநேரம் வேலைநிறுத்தமே இல்லாத திருட்டு.

“இதுங்கள எங்கடா வச்சுக்கப் போற?” என்று சரோஜா கேட்டாள்.

“வீட்டுலதான்மா.”

“வீட்டுலன்னா?”

“மெய்ட்ஸ் ரூம் எம்ப்டியாத்தானே இருக்கு?”

இங்குள்ள வில்லாக்களில் சமையலறைக்குப் பின்னால் வேலைக்காரப் பெண்ணுக்கென்று ஓர் அறை கட்டியிருப்பார்கள். ஜன்னல் ஒரு தபால் உறை அளவு. எங்களுக்கு வேலைக்காரப் பெண் கிடையாது. அரிசி மூட்டைதான் அங்கே குடியிருந்தது. மூட்டை வெளியேற்றப்பட்டது.

உள்வீட்டுத் திட்டத்தை நான் வரைந்தேன். ஃபெரட்டின் தலை நுழைகிற இடத்தில் உடம்பு முழுவதும் நுழைந்துவிடும் என்பதால் கதவின் அடியில் ஒரு சட்டம். ரப்பர் எதையும் எட்டும் உயரத்தில் வைக்கக் கூடாது. தின்றுவிட்டுக் குடல் அடைத்துச் சாகும். இவை மூலையைப் பார்த்துப் பின்பக்கமாக நடந்து போய்த்தான் காரியத்தை முடிக்கும் என்பதால் நாலு மூலையிலும் மணல் தட்டு. ஐந்தாவதாக ஒரு மூலை இருந்தது, அலமாரிக்குப் பின்னால். நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. அவை எடுத்துக்கொண்டன. கடையில் விற்கிற தொங்கு படுக்கை ஒரு வாரத்தில் கிழிந்தது. சரோஜா தன் பழைய சுங்குடிப் புடவையில் இரண்டு தூளி கட்டித் தொங்கவிட்டாள். இரண்டும் ஒரே தூளியில்தான் படுத்தன.

அந்த அறையில்தான் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தேன். செந்தில் பிறந்தது அல் ஐன். அலுவலகத்தில் அவனுக்குப் பெயர் சென். எங்களிடம் பேசுவது பாதி ஆங்கிலம், மீதி ‘ம்’. ஒரு நாள் சாயங்காலம் அந்த அறைக் கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே யாரோ சுத்தமான மன்னார்குடித் தமிழில் கொஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

“ஏண்டி, யாரு கொட்டுனா இத? நீதானே? மூஞ்சியப் பாரு, ஒண்ணுந் தெரியாத மாதிரி. வா இங்க. வாடின்னா.”

செந்தில்தான். மன்னார்குடிக்காரி சரோஜா குழந்தையில் அவனைக் கொஞ்சிய அதே வார்த்தைகள், அதே இழுப்பு. இத்தனை வருடம் எங்கே ஒளித்துவைத்திருந்தான் என்று தெரியவில்லை. நான் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டேன். மறுநாள் அவனிடம், “வெளியேயும் அதுகளுக்கு ஒரு இடம் வேணும்டா. வெயில் ஏறுறதுக்குள்ள கட்டிடலாம்” என்றேன். அவனுக்கு ஆச்சரியம். முதல் நாள் வரை பிராணிகளைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி நாலு காரணம் வாய்மொழியாகவும் இரண்டு எழுத்திலும் கொடுத்தவன் நான்.

3

செந்தில் இணையத்திலிருந்து நாற்பது பக்கம் அச்செடுத்துக் கொடுத்தான். வெளிக்கூடு கட்டுவது எப்படி என்று பூராவும் படங்களோடு இருந்தது. நான் ஒரு விதிமுறைப் புத்தகத்தைப் படிக்கிற பயபக்தியோடு படித்து, அடிக்கோடிட்டு, வரைபடம் போட்டேன். தரையின் ஈரம் ஏறாமலிருக்க அரையடிக் கால்கள். வாடைக்காற்று வராத திசையில் வாசல். பனி தங்காமலிருக்கக் கூரையில் சாய்வு. உயரம், ஒப்பந்தப்படி, ஒன்று புள்ளி நான்கு மீட்டர்.

வலை வாங்க ஹமீது பாயின் ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கீழக்கரைக்காரர், எனக்கு இருபது வருடப் பழக்கம். அரை அங்குலக் கண்ணி உள்ள இரும்பு வலை வேண்டும் என்றேன்.

“என்னண்ணே, கோழியா?”

“ஃபெரட் பாய். நீளமா, எலி மாதிரி.”

“எலி வராம இருக்கக் கட்டுறியளா, எலி போயிராம இருக்கக் கட்டுறியளா?”

“போயிராம இருக்க.”

பாய் சிறிது நேரம் என்னைப் பார்த்தார். “ரிட்டயர்டு ஆனா ஊருக்குப் போயிரணும்ணே. இங்கின இருந்தா இப்படித்தான்” என்று சொல்லிவிட்டு வலையை வெட்டினார்.

வேலைக்கு முருகேசன் வந்தான். முதுகுளத்தூர்ப் பக்கம். ஷட்டரிங் கார்ப்பென்டர். அதாவது கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் தூணுக்கும் கூரைக்கும் பலகை அடைக்கிறவன். என் பழைய நிறுவனத்தில் அவனுக்கு விசா எடுத்தவன் நான்தான். வாரம் ஆறு நாள் சைட், வெள்ளிக்கிழமை லீவு. அந்த வெள்ளிக்கிழமைகளில் என் வீட்டுக்கு வந்து வேலை செய்தான். தன் கஃபீலைத் தவிர வேறு யாருக்கு வேலை செய்தாலும் இங்கே குற்றம். கண்டுபிடித்தால் கார்டு ரத்து, ஊருக்கு டிக்கெட், மறுபடி வரத் தடை. அந்த விதியைப் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் படித்துக் காட்டுவது இருபத்தொன்பது வருடம் என் வேலை. முருகேசனுக்கும் படித்துக் காட்டியிருக்கிறேன். ‘வெள்ளிக்கிழமை ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்’ என்று கூப்பிட்டவனும் நான்தான்.

என் வரைபடத்தை முருகேசன் தலைகீழாகப் பிடித்தும் நேராகப் பிடித்தும் பார்த்தான்.

“இந்தச் சாய்வு எதுக்கு சார்?”

“பனி விழுந்தா சறுக்கி இறங்கறதுக்கு.”

“பனியா?”

“ஸ்னோ.”

அவன் வானத்தைப் பார்த்தான். பிப்ரவரி மாதத்துப் பகல், மேகம் என்று ஒரு பஞ்சு கிடையாது. “எப்ப சார் பெய்யும்?” என்று மிகுந்த மரியாதையோடு கேட்டான். அப்போதுதான் அந்த நாற்பது பக்கமும் எப்போதும் மழை பெய்கிற ஊருக்காக எழுதப்பட்டது என்பது எனக்கு உறைத்தது. அதில் குளிரைப் பற்றி ஒன்பது பக்கம், வெயிலைப் பற்றி ஒரே வரி: முப்பது டிகிரிக்கு மேல் போனால் ஃபெரட் செத்துவிடும். எங்கள் ஊரில் மே மாதம் காலை எட்டு மணிக்கே அதற்கு மேல். திட்டத்தில் ஏசி சேர்ந்தது. வைக்கோல் நீங்கியது. சாய்வு மட்டும் என் கௌரவத்துக்காக அப்படியே இருந்தது.

இரண்டாவது வெள்ளிக்கிழமை நானும் சரோஜாவும் ஷார்ஜாவில் முவைலாவுக்கு ஒரு சீமந்தத்துக்குப் போயிருந்தோம். சாயங்காலம் திரும்பி வந்தால், தோட்டத்தில் எங்கள் வில்லாவுக்கே ஒரு தம்பி பிறந்து நிற்கிறான். எட்டடி உயரம். கதவு, கதவுக்குத் தாழ்ப்பாள், ஜன்னல், ஏசிக்கு அளவெடுத்து அறுத்த சதுரம்.

“என்னப்பா இது? நாலரை அடின்னு எழுதியிருக்கேனே.”

“சார், ஷீட்டு எட்டுக்கு நாலு. அப்படியே நிறுத்திட்டேன். நாலரைக்கு வெட்டுனா மிச்சம் மூணரை எதுக்கும் ஆவாது. நல்ல ஷீட்ட வெட்டுனா பாவம் சார்.”

“பிரிவு பதினேழு...”

“நல்லா அம்சமா நிக்கிது சார். கான்கிரீட்டு ஊத்துனாலும் அசையாது. அம்மா குனியாம உள்ள போயி கூட்டலாம்ல? முட்டிவலிக்கு நல்லது.”

சரோஜா உள்ளே போய் நின்று, கையைத் தூக்கிப் பார்த்தாள். கூரை இடிக்கவில்லை. “இருக்கட்டுமேங்க” என்றாள். செந்தில் உள்ளே போனான். பிஸ்கட்டும் பெப்பரும் முருகேசன் சைட்டிலிருந்து கொண்டுவந்து பதித்திருந்த பிவிசி குழாய்க்குள் நுழைந்து மறுபக்கம் வந்து, மறுபடி நுழைந்து, சந்தோஷம் வந்தால் செய்கிற பக்கவாட்டுக் குதிப்பைக் குதித்தன. வெளிர்நீலப் பின்னணிக்காக மனிதர்களைத் திருப்பி அனுப்பியவன், எட்டடிக்குச் சரி என்று தலையாட்டினேன்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை ஏசியைப் பொருத்தி ஓடவிட்டு, முருகேசன் கொஞ்ச நேரம் அதன் முன்னால் நின்றான்.

“ரெண்டு உருப்படிக்கு ஒரு ஏசி” என்றான். “எங்க ரூமுல பன்னெண்டு பேரு சார். ஏசி மேல் கட்டில்காரனுக்கு மட்டும் அடிக்கும்.” குறை சொல்கிற குரல் இல்லை, அளவு சொல்கிற குரல். பிறகு பெப்பரைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, “கீரிக்குட்டி, குடுத்து வச்சவடி நீ” என்றான். தொழிலாளர்கள் தங்கும் அந்த கேம்ப்பின் அறை ஒதுக்கீட்டுத் தாளில் ஒரு காலத்தில் என் கையெழுத்துதான் இருந்தது. அதை அவனும் அறிவான். நான் உள்ளே போய் அவனுக்குச் சாப்பாடு எடுத்துவைக்கச் சொன்னேன்.

4

ஏப்ரலில், உரிமையாளர் அலுவலகத்திலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார். இளைஞர், கணுக்கால்வரை தொங்கும் வெள்ளைக் கந்தூரா அங்கி, கையில் ஃபைல். அந்தச் சமயத்தில் பல வில்லாக்களில் தோட்டத்தில் மரக்கொட்டகை போட்டு, ஆள்களை அடைத்து வாடகை வாங்குவது வழக்கமாகியிருந்தது. அதைத் தேடித்தான் வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அவர் பார்வையில் எங்கள் கொட்டகை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கதவு, ஜன்னல், ஏசி. வாசலில் முருகேசன் மறந்துவிட்டுப் போன ஒரு ஜோடி செருப்பு.

“கம் நஃபர் நோம் ஹினி?” என்றார். இங்கே எல்லா நாட்டுக்காரரும் பேசுகிற உடைந்த அரபி: எத்தனை ஆள் இங்கே தூங்குகிறார்கள்?

“இரண்டு” என்றேன், உண்மையைச் சொல்வதே நல்லது என்று.

“வேன் பதாக்கா?” கார்டு எங்கே?

“மாஃபி பதாக்கா.” கார்டு இல்லை.

அவர் முகம் இறுகியது. ஃபைலைத் திறந்தார். நான் கதவைத் திறந்தேன். தூளியிலிருந்து பிஸ்கட் தலையை நீட்டிக் கொட்டாவி விட்டது. ஆய்வாளர் ஓரடி பின்னால் நகர்ந்தார், பிறகு சிரித்தார், பிறகு தன் வேலை ஞாபகம் வந்து சிரிப்பை நிறுத்தினார். அளவு நாடாவை எடுத்து உயரம் அளந்தார்.

கொட்டகைக் கதவில் ஒரு சிவப்புத் தாள் ஒட்டப்பட்டது: அனுமதியற்ற கட்டுமானம், பயன்படுத்தக் கூடாது. கையில் ஒரு படிவம் தரப்பட்டது. பதினைந்து நாளில் பூர்த்தி செய்து கொடுத்தால் பரிசீலிப்பார்கள்.

படிவங்களை நான் முகம் பார்த்தே எடைபோடுவேன். இதில் எட்டு கேள்விகள் சாது. ஒன்பதாவதுதான் விஷம்: ‘கட்டியவரின் பெயர், உரிம எண். உரிமம் இல்லையெனில், அவருடைய லேபர் கார்டு நகல்.’ காலியாக விட முடியாது. காலியாக விட்ட படிவத்தை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். நானே செய்திருக்கிறேன்.

5

இரண்டு நாள் அந்தப் படிவம் உணவு மேஜையில் கிடந்தது. முருகேசன் இங்கே வந்து மூன்று வருடம் கழித்து, வருகிற நவம்பரில்தான் அவனுக்கு முதல் லீவு. அவன் வரும்போது வயிற்றிலிருந்த பிள்ளைக்கு இப்போது இரண்டு வயது. ஒன்பதாவது கட்டத்தில் அவன் பெயரை எழுதினால் லீவுக்குப் பதிலாக ஒருவழி டிக்கெட்.

மூன்றாம் நாள் எழுதினேன்: ‘கட்டியவர்: விண்ணப்பதாரரான நானே.’ என் உத்தியோக வாழ்க்கையில் நான் எழுதிய முதல் பொய். கையெழுத்தும் போட்டேன். ஆனால் என் கையெழுத்துக்கு இங்கே மதிப்பு இல்லை. கீழே ஒரு கோடு: கஃபீலின் ஒப்பம்.

செந்தில் அலுவலகத்திலிருந்து வந்ததும் படிவத்தை நீட்டினேன். நின்றுகொண்டே படித்தான்.

“அப்பா, இது ஃபால்ஸ் ஸ்டேட்மென்ட்.”

“ஆமாம்.”

“நீங்களா சொல்றீங்க?”

“நான்தான் சொல்றேன்.”

“கண்டுபிடிச்சா?”

“எனக்கு விசா புதுப்பிக்க மாட்டாங்க. உனக்கு வேலையில கேள்வி வரும். நீ போடலைன்னா நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன். கூட்டைப் பிரிச்சுடுறோம்னு எழுதிக் குடுத்தாலும் ஒன்பதாவது கேள்வி போகாது. கட்டினது கட்டினதுதான்.”

“முருகேசன் அண்ணன் பேர எழுதினா?”

சமையலறையில் சரோஜா குழாயை மூடிவிட்டாள், கேட்பதற்காக.

செந்தில் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். பேனாவை எடுத்தான். கையெழுத்துப் போடாமல், ஒன்பதாவது கட்டத்தில் நான் எழுதியதைச் சுட்டிக்காட்டினான். நான் பயந்தேன்.

“இத மாத்துங்க. அப்பாவும் பையனும் சேர்ந்து கட்டினோம்னு எழுதுங்க.”

“உன்னை எதுக்குடா?”

“நீங்க தனியா இதக் கட்டினீங்கன்னு எவன் நம்புவான்? பல்பு மாத்தவே எலக்ட்ரீஷியனக் கூப்பிடற ஆளு.”

அத்தனை நீளத் தமிழ் வாக்கியத்தை அவன் என்னிடம் பேசி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. உள்ளேயிருந்து சரோஜா, “அது வாஸ்தவம்” என்றாள். திருத்தினேன். போட்டான்.

அதோடு நிற்கவில்லை. ஆய்வாளர் மறுபடி வருவார், ஏதாவது கேட்பார், சுத்தியலைப் பிடிக்கவாவது தெரிய வேண்டும் என்று அடுத்த வெள்ளிக்கிழமை அப்பனும் மகனும் மிச்சப் பலகையில் ஒரு சின்னத் தூங்கும் பெட்டி செய்ய உட்கார்ந்தோம். நாலு மணிநேரம் ஆயிற்று. அவன் பிடித்தான், நான் அடித்தேன். பிறகு என் கட்டைவிரலின் நலன் கருதி நான் பிடித்தேன், அவன் அடித்தான். நாலு பக்கமும் சதுரமாக வெட்டியும் பெட்டி எப்படியோ சாய்ந்துதான் நின்றது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. பிஸ்கட் முகர்ந்துவிட்டு வெளியே படுத்துக்கொண்டது.

ஆய்வாளர் மே முதல் வாரம் வந்தார். கொட்டகையின் மூலைப் பொருத்தங்களை விரலால் தடவினார். ஷட்டரிங்காரன் பொருத்தம், நூல் பிடித்ததுபோல. பிறகு பக்கத்திலிருந்த எங்கள் பெட்டியைப் பார்த்தார். மறுபடி பொருத்தத்தைப் பார்த்தார். பிறகு என் கட்டைவிரலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார்.

“இந்தப் பெட்டி யார் செய்தது?”

“நாங்கள்.”

“இந்தக் கொட்டகை?”

“நாங்கள்” என்றான் செந்தில், எனக்கு முன்னால்.

அதற்குள் பெப்பர் அவருடைய கந்தூராவின் அகலக் கைக்குள் நுழைந்து தோள்வரை போய்விட்டது. அவர் அதை வெளியே எடுக்கிற மும்முரத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. போகும்போது ஃபைலில் நின்றபடியே அரபியில் ஒரு வரி எழுதினார். இருபத்தொன்பது வருட அரபி எனக்கு. அவர் ஃபைலை மார்போடு சாய்த்துக்கொண்டதால் ஓரெழுத்துகூடத் தெரியவில்லை. “பதில் வரும்” என்றார். எப்போது என்று கேட்டேன். “இன்ஷா அல்லா.”

6

பதில் வரவில்லை. மே, ஜூன், ஜூலை. பிராணிகள் பழையபடி உள்ளறைக்கு வந்துவிட்டன. வெளியே நாற்பத்தாறு டிகிரி. தோட்டத்தில் அந்த எட்டடி மாளிகை சிவப்புத் தாளோடு பூட்டிக் கிடந்தது. முப்பது நாளைக்கு ஒரு நினைவூட்டல் அனுப்பினேன். முதல் கடிதத்தைக் குறிப்பிட்டு இரண்டாவது, முதலையும் இரண்டாவதையும் குறிப்பிட்டு மூன்றாவது. ‘தங்கள் கடிதம் உரிய பிரிவில் உள்ளது’ என்று தொலைபேசியில் சொன்னார்கள். அந்த வாக்கியத்தை நான் மற்றவர்களுக்குச் சொல்லும்போது அது இவ்வளவு மொட்டையாகக் கேட்கும் என்று நினைத்ததில்லை.

இதில் எனக்குத் தர்மசங்கடம் முருகேசன்தான். அவன் இனி இந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. ஆனால் காரணத்தைச் சொல்ல முடியாது. பயந்தால் உண்மையைச் சொல்லிவிடுகிற ரகம் அவன். ‘எனக்காக சார் மாட்டிக்கக் கூடாது’ என்று நேரே கம்பெனி ஆபீசில் போய் நிற்பான். ஒரு தடவை சைட்டில் யாரோ உடைத்த, மட்டம் பார்க்கிற லெவல் குழாய்க்கு, தான் பக்கத்தில் நின்றதாகச் சொல்லித் தானே முன்வந்து திட்டு வாங்கியவன்.

அதனால் போனில் சொன்னேன்: “கொஞ்ச நாளைக்கு வராதப்பா. இதுகளுக்குக் காய்ச்சல். மனுசங்க சளி இதுகளுக்கு ஒட்டிக்குமாம்.” ஒட்டும் என்பது உண்மை, நாற்பது பக்கத்தில் இருந்தது. காய்ச்சல்தான் பொய்.

ஒரு பொய் என்று ஆரம்பித்தால் அதற்குத் தனி ஃபைல் திறக்க வேண்டியிருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை போன் வந்தது.

“சார், கீரிக்குட்டிங்களுக்கு எப்படி இருக்கு?”

“பரவாயில்லப்பா. இன்னும் முழுசா விடல.”

“கஞ்சி குடிக்குதா?”

“குடிக்குது.”

அதற்கடுத்த வெள்ளி, “டாக்டர்ட்ட காட்டுனியளா சார்?” அதற்கடுத்த வெள்ளி, தனக்கிருந்த சளிகூட நின்று இருபது நாள் ஆகிவிட்டதாகவும், வேண்டுமானால் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுப் போவதாகவும் சொன்னான். நான் மறுத்தேன்.

“நான் எதும் தப்புப் பண்ணிட்டனா சார்? அன்னைக்கி ஏசியப் பத்தி ஒரு வார்த்த சொன்னேன், அத மனசுல வச்சிக்கிட்டியளா?”

“சீச்சீ, அதெல்லாம் இல்லப்பா.”

“நான் வெளையாட்டாத்தான் சார் சொன்னேன்.”

போனை வைத்த பிறகு சரோஜா என்னிடம் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. ‘அந்தப் பிள்ளைகிட்ட நடந்ததச் சொல்லித் தொலைங்களேன்’ என்பது அவள் கட்சி. சொன்னால் என்ன ஆகும் என்பதை அவளுக்கு விளக்கினேன். “உங்க விளக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு. அவன் மூஞ்சிதான் என் கண்ணுல நிக்குது” என்றாள்.

ஆகஸ்டில் முருகேசன் மறுபடி கூப்பிட்டான். இந்த முறை குரலில் ஒரு தெளிவு.

“சார், ஊர்ல வீட்டுக்காரிட்ட சொல்லி, மஞ்சத் துணியில ஒரு ரூவா முடிஞ்சி வைக்கச் சொல்லியாச்சு. குலசாமிக்கி. இனிமே காச்ச விட்டுரும்.”

“ஃபெரட்டுக்கா?”

“உசுருதான சார்? பேரு கேட்டா. கீரிக்குட்டி ரெண்டுன்னு சொல்லி முடிஞ்சிட்டா.”

மனிதர்களுக்கு வந்த காய்ச்சலுக்கே அத்தாட்சி கேட்டவன் நான். முதுகுளத்தூரில் ஒரு வீட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில், என் பொய்க்காக, மஞ்சள் துணியில் ஒரு ரூபாய். அன்று உள்ளறைக்குப் போய்த் தூளியைப் பார்த்தேன். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று சுருண்டு, பிஸ்கட்டின் வால் பெப்பரின் மூக்கில், கொழுகொழுவென்று தூங்கிக்கொண்டிருந்தன. ஒரு காய்ச்சலும் வந்ததில்லை அவற்றுக்கு.

செப்டம்பரில் நாலாவது நினைவூட்டல் எழுதினேன். செந்தில் வாங்கிப் படித்துவிட்டு, “ரொம்ப பொலைட்டா இருக்கு” என்று சொல்லி, தானே ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, அலுவலகத்தில் அரை நாள் லீவு போட்டு, நேரில் கொடுத்துவிட்டு வந்தான். வரவேற்பில் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டானா என்று கேட்டேன். முத்திரையைக் காட்டினான். தேதி, நேரம், பெற்றவர் கையொப்பம். எல்லாம் சரியாக இருந்தது. அவனை நான் பாராட்டியதாகச் சரோஜா சொல்கிறாள். எனக்கு ஞாபகம் இல்லை.

7

கடைசியில் கடிதம் வந்தது. ஒரே பக்கம், அரபியில், அடியில் நீல முத்திரை. சரோஜா ஈரக்கையோடு வந்து நின்றாள். செந்திலுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். நான் வரி வரியாகப் பெயர்த்துச் சொன்னேன்.

பிராணிகளுக்கான கொட்டகை என்ற வகையில் அனுமதிக்கப்படுகிறது. உயரம் குறித்து ஆட்சேபணை இல்லை. மனிதர் யாரும் தங்கக் கூடாது. சிவப்புத் தாளை அகற்றிக்கொள்ளலாம்.

“ஒன்பதாவது?” என்றான் செந்தில்.

ஒன்பதாவது கேள்விக்கு எதிரே ஒரு தனி வரி இருந்தது. அதை இரண்டு தடவை மனதுக்குள் படித்துவிட்டுத்தான் வாய்விட்டுச் சொன்னேன். ‘கட்டியவர்கள்: விண்ணப்பதாரரும் அவர் மகனும். அவர்கள் வேலை செய்வதை ஆய்வாளர் நேரில் கண்டு உறுதி செய்துள்ளார். மேல் விசாரணை தேவையில்லை.’

அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது இரண்டே தடவை. இரண்டு தடவையும் நாங்கள் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை.

“நேர்ல கண்டாரா?” என்றான் செந்தில். “கண்டாராம்” என்றேன். அவன் சிரிக்க ஆரம்பித்தான். அவன் சிரிப்பை அவ்வளவு நீளமாக நான் கேட்டதில்லை.

முருகேசனுக்கு போன் செய்தபோது அவன் சைட்டில் இருந்தான். பின்னால் மெஷின் சத்தம்.

“காய்ச்சல் விட்டுடுச்சுப்பா” என்று கத்தினேன். “ரெண்டுக்கும். சுத்தமா.”

“நெசமாவா சார்?”

“நெசம். வெள்ளிக்கிழமை சாப்பிட வா.”

“வேல எதும் இருக்கா சார்? உளி, வாளு எடுத்தாரவா?”

“வெறுங்கையோட வா. விருந்தாளிக்கு கார்டு வேண்டாம்.”

அவனுக்கு அது புரிந்திருக்காது. “லீவுல போயி மொத வேலையா முடிஞ்ச காச செலுத்திடுறேன் சார். சாமி கேட்டுருச்சு பாத்தியளா?” என்றான். கேட்டுவிட்டது என்றேன். அதில் நான் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை.

முருகேசனின் லீவு மாதம் பிறக்க ஒரே நாள் இருந்தது. கடிதத்தை ஃபைலில் போடுவதற்கு முன், மேல் மூலையில் வழக்கம்போல் வரவு குறித்தேன்: பெற்ற நாள், அக்டோபர் முப்பத்தொன்று.